ஆடிக்கும் கர்க்கடகத்துக்கும் நடுவே ஒரு நாள்

அரிசி கழுவிய தண்ணீர்ச் சட்டியோடு தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள் தூணுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

தூணில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. ஒன்று பொள்ளாச்சி மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர். அன்றைய தாளில் ஆடி ஒன்று என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில், உரம் வாங்கிய இடத்தில் கொடுத்த மலையாளக் காலண்டர். அதில் அதே நாளின் கட்டத்தில் இன்னும் மிதுனம். அடுத்த கட்டத்தில்தான் கர்க்கடகம் பிறந்தது.

எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விரலை வைத்து மறுபடி கூட்டிப் படித்தேன். சந்தேகமே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆடி பிறந்துவிட்டது. இந்தப் பக்கம் அதே மாசம் பிறக்க இன்னும் ஒரு பகல் பாக்கி இருந்தது.

சட்டியைத் தூணடியிலேயே வைத்தேன்.  இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்தக் காலையை நினைத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இப்போதுகூட எழுந்து வாசல்வரை போய் வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

ஒரு தேதிக்கு இத்தனை ஆட்டமா என்று கேட்பீர்கள். அது தேதி விசயம் இல்லை, அடுப்படி விசயம். அடுப்படி விசயம்கூட இல்லை, என் ஓரகத்தி சரசக்கா அந்த வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்கிற விசயம்.

கிழக்கும் மேற்கும்

நான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரளத்துப் பெருமாட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேச்சு ஒன்றுதான், சாமி ஒன்றுதான், பஞ்சாயத்து ஆபீஸ் போர்டு மட்டும் மலையாளம். ஆனால் காற்று வேறு. மேற்கே இருக்கிற மலை பாலக்காட்டுக்கு நேரே மட்டும் வழி விட்டிருக்கிறது. உலகத்துக் காற்று முழுக்க அந்தச் சந்தில்தான் நுழைந்து போகிறதோ என்று தோன்றும். மார்கழி முதல் மாசி வரை கிழக்கேயிருந்து மேற்கே அடிக்கும். ஆனி பிறந்தால் திரும்பிக்கொண்டு மேற்கேயிருந்து கிழக்கே அடிக்கும். ஆடியில் தென்னை மரமெல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். காயப்போட்ட வேட்டியை அடுத்த தோட்டத்தில்தான் போய்ப் பொறுக்க வேண்டும்.

வீட்டில் என் மாமியார்தான் எல்லாம். மாமனார் எனக்குக் கல்யாணம் ஆன அடுத்த வருசமே தவறிவிட்டார். மாமியாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் சரசக்காவின் கணவர், எனக்கு மச்சாண்டார். இளையவர் என்னவர்.

என் கல்யாணத்தை முன்னிட்டுத்தான் அந்த வீட்டு அடுப்படியைப் புதுசாக்கினார்கள். அதுவரை மேலே நாட்டு ஓடு. சந்துக்குச் சந்து புகை தானாகக் கசிந்து போய்விடுமாம். புது மருமகள் வருகிறாள், பொண்ணு வீட்டு ஒரம்பரை சனம் வந்து பார்ப்பார்கள் என்று, நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போட்டார்கள். கெட்டியான ஓடு, மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது. புகையும் ஒரு இழை கசியாது. அதனால் அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூண்டு கட்டினார்கள்.

வேலை நடந்தது மாசியில். வானம் வெளுத்துக் கிடந்தது, சாந்து நன்றாகக் காய்ந்தது, ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளும் பிரமாதம். கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. புகை காற்றோடு போகட்டும் என்று கூண்டின் வாயை மேற்கே பார்த்து வைத்தார்கள். அடுப்பு மூட்டியதும் புகை குடுகுடுவென்று ஓடிப் போனதாம். ஊரே வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்ததாம்.

பிறகு ஆடி வந்தது. மேற்குக் காற்று நேரே அந்த வாய்க்குள் புகுந்தது. உள்ளே இருந்த புகையையும் வெளியிலிருந்த குளிரையும் சேர்த்து வீட்டுக்குள் தள்ளியது. எங்களுடையது நடுவே முற்றம் வைத்துச் சுற்றிக் கட்டிய வீடு. அடுப்படியில் கிளம்பிய புகை ஒவ்வொரு அறையாகப் போய் விசாரித்துவிட்டு வரும்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமைத்துவிடுவேன். சரசக்காவுக்கு மூச்சிளைப்பு. கல்யாணம் ஆகி வந்தபோது எப்போதாவது ஒருநாள் வந்து போனது, என் கல்யாணத்து அடுப்படிக்குப் பிறகு ஆடி முழுக்க என்று ஆனது. கிணற்றுமேட்டில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். சித்தூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, புகை இருக்கிற இடத்தில் இருக்கக் கூடாது என்று சொன்னார். வீடு முழுக்கப் புகை இருந்தால் எங்கே இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

அதனால் ஆடி பிறந்தால் அவளுடைய அண்ணன் கிணத்துக்கடவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போவார். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போவது எங்கும் உள்ளதுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருசம் ஆனவள் போவது வேறு மாதிரி. முதல் தடவை ஆவணியில் திரும்பி வந்தாள். அடுத்த தடவை தீபாவளிக்கு வந்தாள். வந்தபோது அவள் மகள் என் பின்னால் போய் நின்றுகொண்டாள். சரசக்கா சிரித்த மாதிரி இருந்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

எந்த மாசம்தான் நல்ல மாசம்?

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சும்மா இருக்கிற ஜாதி இல்லை நான். அந்த முதல் ஆடியிலிருந்தே கூண்டைத் திருப்பிக் கட்டுங்கள் என்று நச்சரித்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மாசம்தான் அமையவில்லை.

தையில் அறுப்பு, ஆள் கிடைக்காது. மாசியில் குலதெய்வம் கோயில். பங்குனியில் வீட்டு வேலை ஆகாது. சித்திரையில் கிணற்றில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது சாந்து குழைக்க எங்கே போவது? வைகாசியில் ஊரில் உள்ள கல்யாணமெல்லாம் எங்கள் தலையில். ஆனியில் சாரல். ஆடி ஆகவே ஆகாது. ஆவணியில் கொத்தனார்களுக்கு ஏகக் கிராக்கி. புரட்டாசி, மார்கழி இரண்டும் கூடாது. ஐப்பசியில் மழை. கார்த்திகை மிச்சம் இருக்கிறதே என்று பார்த்தால், அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது.

எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். அதைவிட, புகை இல்லாத மாசத்தில் புகைக்கூண்டைப் பற்றி யாருக்கும் ஞாபகமே வராது. கார்த்திகையில் நான் வாயைத் திறந்தால், இப்போதுதான் நன்றாகப் போகிறதே என்பார்கள். ஆடியில் திறந்தால், ஆடியிலா என்பார்கள்.

அந்த வருசம் ஆனி கடைசி நாள் சாயங்காலம், மாமியார் பரணில் ஏணி வைத்து ஏறினார். சரசக்கா சீராகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கினார். போசி, குண்டா, தவலை. கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். ஆடி நோம்பிக்கா அத்தை என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"அவ அண்ணன் இந்த வாரம் வருவான். கூடவே குடுத்து உட்டரலாம்" என்றார்.

பெண்ணை மட்டும் அனுப்பினால் திரும்பி வருவாள். சீர்ப்பாத்திரத்தோடு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"அவ மேல எனக்கென்ன வெறுப்பா அம்முணி? இங்கிருந்தா ஒரு ஆடிக்கு மூச்சு நின்னுரும். அங்கயாச்சும் உசுரோட கெடக்கட்டும்."

 கெட்ட மாமியாராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்து போயிருந்தார். பயந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டு வேலையில் எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் ஆனியிலேயே மஞ்சள் தடவிப் பேருக்கு ஒரு கல்லை வைத்துவிட்டால், தொடங்கிய வேலையை ஆடியில் தொடரலாம். முந்தின நாள் தெரிந்திருந்தால் நானே ஒரு கல்லைத் தூக்கி வைத்திருப்பேன். பாத்திரம் இறங்கியபோது பொழுது இறங்கிவிட்டது. ஆனியும் போய்விட்டது. விடிந்தால் ஆடி.

விடிந்தது. அப்போதுதான் அந்தத் தூணுக்கு முன்னால் நின்றேன்.

சூரியன் ராசி மாறுகிற நேரம் மதியத்துக்கு மேல் விழுந்தால், தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாசப் பிறப்பு, மலையாளக் கணக்கில் மறுநாள்தான் என்று பிற்பாடு என்னவர் விளக்கினார். சில வருசங்களில் அப்படி அமையுமாம். எனக்கு அன்று ராசியும் தெரியாது, நேரமும் தெரியாது. அந்தி சாய்வதற்குள் ஒரு கல் வைக்க வேண்டும். அது ஒன்றுதான் தெரிந்தது.

ஆட்டுக்கல்லிடம் சொன்ன சேதி

என்னவர் விடியும் முன்பே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தவர் மச்சாண்டார் ஒருவர்தான்.

இங்கே ஒரு சிக்கல். கணவருடைய அண்ணனோடு இளைய மருமகள் நேருக்கு நேர் பேசக் கூடாது. எத்தனையோ வருசம் ஒரே வீட்டில் இருந்தும் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவரோ யாரோடும் பேசாதவர். பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கும்போது தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். கல்நெஞ்சு என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற எதனிடமாவது சொல்லலாம். மச்சாண்டார் முற்றத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு மலையாளத்தில் மாசம் பிறக்கவில்லை என்று ஆட்டுக்கல்லிடம் சொன்னேன். வண்டித்தாவளத்து வேலாயுதன் மேஸ்திரி மலையாளத்துக்காரர், அவருக்கு இன்றுவரை மிதுனம்தான், கூப்பிட்டால் வருவார் என்று சொன்னேன். இன்று ஒரு கல் வைத்துவிட்டால் அக்காவின் அண்ணன் வருவதற்குள் கூண்டைத் திருத்திவிடலாம் என்றும் சொன்னேன். ஆட்டுக்கல் பேசாமல் கேட்டுக்கொண்டது.

திரும்பிப் பார்த்தால் கயிறு கிடந்தது, ஆள் இல்லை. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

காத்திருந்த அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? உலை வைத்தேன், உப்புப் போட மறந்தேன். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்க வேண்டுமே, மேஸ்திரி வேறு ஊருக்குப் போயிருந்தால், மழை பிடித்துக்கொண்டால் என்று என் மனசு என்னைப் பாடாய்ப் படுத்தியது. மதியத்துக்கு மேல் சாரலில் நனைந்துகொண்டு மச்சாண்டார் வந்தார். பின்சீட்டில் மேஸ்திரி. மடியில் கரணையும் தூக்குக்குண்டும்.

வீட்டுக்கு மாசம் பிறக்கவில்லை

மாமியார் கிணற்றடியிலிருந்து எழுந்து வந்தார். கரணையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆடியும் அதுவுமாக வீட்டில் கரணை எடுத்தால் குடும்பம் விளங்குமா என்று கேட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"எனக்கு இன்னைக்கு மிதுனமாணு அம்மே. நாளைக்கு வந்தா நானும் தொடமாட்டேன். இன்னைக்குத் தொடங்கினா, தொடங்கின பணிய நிறுத்தக் கூடாது."

நமக்கு ஆடி பிறந்தாயிற்று என்றார் மாமியார். அவருக்கு என்ன மாசமாக இருந்தால் நமக்கு என்ன என்றார். நான் அதுவரை மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை, முணுமுணுப்பேன், அவ்வளவுதான். அன்று எங்கிருந்து வந்ததோ.

"அத்தை, நம்மளுக்கு ஆடி பொறந்திருச்சுங்க, நெசந்தான். ஆனா ஊடு நிக்கறது கேரளத்து மண்ணுலீங்க. ஊட்டுக்கு இன்னும் பொறக்கலீங்க."

 மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அடுப்படியிலிருந்து புகை முற்றத்துக்கு வந்து எங்கள் எல்லோருடைய காலையும் சுற்றியது. கிணற்றுமேட்டில் சரசக்கா இருமினாள். இருமல் முடியவே இல்லை. மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் புளிச் சக்கை அப்படியே இருந்தது.

"சரசு," என்றார், "தண்ணி வாத்துட்டு வா."

சரசக்கா புரியாமல் விழித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. முதல் கல்லை வைக்கிற சுமங்கலி குளித்துவிட்டு வந்துதான் தொட வேண்டும். மாமியார் தாலி அறுத்தவர், அவர் தொட மாட்டார். மூத்த மருமகளைத்தான் கூப்பிட்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக ஓடிப்போய் வெந்நீர்த் தவலையை இறக்கினேன்.

ஈரத் தலையோடு சரசக்கா வந்தாள். செங்கல்லுக்கு மஞ்சள் பூசினேன். மேஸ்திரி ஒரு கரணை சாந்து வைத்தார். அவள் கல்லை இரண்டு கையாலும் பிடித்து வைத்துவிட்டு, அப்படியே கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மலையாளத்து மிதுனம் முடிவதற்குள் எங்கள் வேலை தொடங்கியாயிற்று.

சின்னக்கானலில் கேட்ட கேள்வி

மறுநாள் மேஸ்திரி கூரையில் ஏறி ஓட்டைப் பிரித்தார். அடுப்பு முற்றத்துக்கு வந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்க, இன்னொருத்தி சமைக்க, சாம்பாரில் சாரல் விழ, பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். சந்தையில் ராத்தங்கித் திரும்பிய என்னவர், வீட்டுக்கு மேலே ஆகாயம் தெரிவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுச் சாந்து குழைக்கப் போனார். சிமிட்டிக்கு பர்மிட்டு வாங்கி அலைய வேண்டிய காலம் அது. நாங்கள் சுண்ணாம்புச் சாந்தை வைத்தே சமாளித்தோம்.

மேஸ்திரி மேற்கே பார்த்த வாயை அடைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து ஒன்று வைக்கப் போனார். கீழே நின்ற நான் ஏணியைப் பிடித்து ஆட்டிவிட்டேன். மாசியில் செய்த கோளாறைத்தான் ஆடியில் திருப்பிச் செய்கிறார். தை வந்தால் என்ன ஆகும்? தையில் கூப்பிடுங்கள், திருப்பி வைத்துத் தருகிறேன் என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அப்போதுதான் எனக்குச் சின்னக்கானல் ஞாபகம் வந்தது. என் சின்னம்மா மகள் அங்கே ஏலத் தோட்டத்தில் குடியிருந்தாள். ஒருமுறை அங்கே போய்த் தங்கியிருந்தேன். மூணாறு வரை பஸ், பிறகு ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிக் குடல் வாய்க்கு வரும். அங்கே கூரை வேலை என்றால் தையும் மாசியும்தான். கம்பெனி ஆள் அனுப்பும், மழைக்கு முன்னால் லயத்து வீடுகள் முழுக்க ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். என் நச்சரிப்புக்கு அங்கே இடமே இல்லை.

பக்கத்து வீட்டு எஸ்தரக்கா, திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், ஜெபக் கூட்டத்துக்குப் போகும் வழியில் என்னோடு நின்று பேசுவாள். அங்கே காற்று ஒரு நாளைக்கு எட்டுத் திசையிலும் சுற்றும். அவள் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க ஊருல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்று கேட்டாள். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரண்டே பக்கம்தான், கிழக்கும் மேற்கும், வடக்கும் தெற்கும் அதற்குத் தெரியாது என்று சொன்னேன். அவளுக்கு அது நம்பவே முடியாத அதிசயமாக இருந்தது.

ஏணியைப் பிடித்தபடி நின்ற எனக்குச் சுரீரென்றது. வடக்கும் தெற்கும் தெரியாத காற்றுக்கு, வடக்கிலும் தெற்கிலும்தானே வாய் வைக்க வேண்டும்? கிழக்கையும் மேற்கையும் அடைத்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு வாய் வைத்து, தலைக்கு மேலே ஒரு கல்லைப் போட்டு மூடினால் ஆடிக்கும் ஆச்சு, தைக்கும் ஆச்சு.

மேஸ்திரி நம்பவில்லை. காற்றோடு போனால்தான் புகை போகும், பக்கத்தில் வாய் வைத்தால் யார் இழுப்பது என்று கேட்டார். செய்து பார்ப்போம், காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கிறதே என்றேன். மாசியில் இதைப் பேசியிருந்தால் அவர் சொன்னதும் ஊகம், நான் சொன்னதும் ஊகம். வீட்டை எப்போது திருத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அது உங்களைப் படுத்துகிறபோதே திருத்திவிடுங்கள்.

வடக்கும் தெற்குமாக வாய் வைத்து அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டினோம்.

புகை மேலே போனது. போய்விட்டு, மனம் மாறியது போல் அப்படியே கீழே இறங்கி வந்தது. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மாமியார் உள்ளே போய், தேய்த்து வைத்த பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். கட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் முற்றத்தில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன்.

என்னவர்தான் தோப்புவரை நடந்துபோய்த் தூரத்திலிருந்து கூரையைப் பார்த்தார். கூண்டு கூரை முகட்டுக்குக் கீழேயே நிற்கிறது, முகட்டில் மோதுகிற காற்று அதன் தலையில் விழுகிறது, முகட்டுக்கு மேலே உயர்த்த வேண்டும் என்றார். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அது சரிதான் என்றார். ஆனால் செங்கல் தீர்ந்துவிட்டது.

விடிந்து பார்த்தால் முற்றத்தில் செங்கல் குவிந்து கிடந்தது. தொழுவத்தின் பாதிச் சுவரைக் காணோம். மச்சாண்டார் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கல்நெஞ்சு என்று நினைத்தேனே, அவரை. என் வாழ்க்கையில் நான் வெகு சந்தோசமாக மாற்றிக்கொண்ட முடிவு அது.

பச்சை மட்டை

அன்று முழுக்க வேலை நடந்தது. மறுநாள் காலை மேஸ்திரி கடைசிக் கல்லை மூடிக்கொண்டிருக்கும்போது தோப்பு முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. சரசக்காவின் அண்ணன் வந்துவிட்டார். கடலைக்காய் விதைப்பை முடித்துவிட்டு நேரே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வாசலில் நிறுத்தியவர், வண்டியை அவிழ்க்கவில்லை. மழைக்கு முன்னால் ஆற்றைத் தாண்டிவிட வேண்டுமாம். பாத்திரச் சாக்கு வாசல்படியில் தயாராக இருந்தது.

பூச்சு இல்லை, வெள்ளை இல்லை, சாந்து கையில் ஒட்டுகிற ஈரம். காயாமல் அடுப்பு மூட்டினால் பிளந்துவிடும் என்று மேஸ்திரி மேலேயிருந்து சத்தம் போட்டார். சரசக்கா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. நேரே அடுப்படிக்குள் போனாள். காய்ந்த விறகை எடுக்காமல், வெளியே கிடந்த பச்சைத் தென்னை மட்டையையும் ஈரத் தேங்காய் மட்டையையும் வாரிக்கொண்டு வந்தாள். எந்த ஊரிலும் யாரும் அப்படி அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

"அக்கா, அது வேண்டாங்க்கா" என்றேன்.

"இதுல போச்சுன்னா எதுலயும் போகும்" என்றாள்.

ஊதினாள். அவள் ஊதக் கூடாது, டாக்டர் சொன்னது அதைத்தான். ஊதினாள். புகை கறுப்பாகத் திரண்டு எழும்பியது.  மாமியார் வாசல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகை கூண்டுக்குள் போனது. எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சுருள் வெளியே வந்தது. அவ்வளவுதான், பின்னாலிருந்து யாரோ கூந்தலைப் பிடித்து இழுத்த மாதிரி அந்தச் சுருளும் உள்ளே போய் மேலே ஓடியது.

நான் முற்றத்துக்குப் பாய்ந்தேன். கூண்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் புகை பீறிட்டு வந்தது. வந்த புகையை மேற்குக் காற்று கிழக்கே அள்ளிக்கொண்டு போனது. என்னவர் துண்டைச் சுழற்றினார். மேஸ்திரி கூரையில் நின்று, நான் அப்போதே சொன்னேனே என்றார். அவர் சொல்லவே இல்லை. நான் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளே ஓடிப் பார்த்தேன். சரசக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். புகைக்கு மூடாமல் கண் திறந்திருந்தது. அவள் மகள் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள். அடுப்பில் உலை ஏறியிருந்தது. அந்த வீட்டில் ஆடி மாசத்தில் அடுப்படியின் மூலை முடுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது அன்றுதான்.

வெளியே அண்ணன் பொறுமை இழந்துபோய்க் குரல் கொடுத்தார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, சரசு கிளம்பட்டும் என்றார். சரசக்கா எழுந்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் பின்னால் போனோம். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"வண்டிய அவுத்து உடுங்கண்ணா. உலை கொதிக்குது. சாப்பிட்டுட்டு நீங்க மட்டும் போலாம்."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சரசக்காவைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கடைசியில் என் மாமியாரைப் பார்த்தார். அந்த வீட்டில் பதில் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.  மாமியார் சரசக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூத்த மகனைப் பார்த்தார்.

"நின்னு என்னத்தடா பாக்கறே? மாட்டுக்குத் தண்ணி காட்டு."

மச்சாண்டார் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.